பதினாறாம் பகுதி

தாள் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.
பன்னிரண்டு பக்கம்.
முதல் பக்கத்துச் சிவப்புச் சாய்சதுரத்தை
ஒரு காபிக் கோப்பையின் வட்டம்
பாதி விழுங்கியிருக்கிறது.

ஷெலெஸ்னி ப்ரோட் கண்ணாடிக்குப் பெயர் போனது,
ஊர்ப் பெயரில் இருப்பதோ இரும்பு.
நாங்கள் கண்ணாடியை அமிலத்துக்குக் கடிக்கக் கொடுக்கிறோம்:
கொடி, பூ, மணமக்கள் பெயர்,
ஒருமுறை யாருடைய நாயோ, காது உட்பட.
கண்ணாடியைத் தின்பது கையை விட்டுவைக்குமா
என்று எவரும் கேட்பதில்லை.
கையுறை இருக்கிறதே.

கிடங்குக் கணக்கு என்னுடையது.
தாளைப் படிப்பதும் என் வேலைதான் என்று
ஒப்பந்தத்தில் எங்கோ இருக்கிறதாம்.
பதினாறு பகுதிகள்.
பதினாறும் படித்தவர் எங்கள் பட்டறையில் இல்லை,
நான் உட்பட.
ஒன்பதாவதில் நின்றுவிட்டேன்:
நிறம், இல்லை. வாசனை, நெடி.
எவ்வளவில் மூக்குக்கு எட்டும்? தரவு இல்லை.
ராதோவானைக் கேட்டிருந்தால்
வாசலில் நின்றே சொல்லியிருப்பான்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு
இடது கையுறைக்குள் சுட்டுவிரல் ஈரமாயிருந்தது.
வலிக்கவில்லை.
சட்டையில் துடைத்துக்கொண்டு
மிச்சமிருந்த ஆறு கிண்ணங்களை முடித்தான்.

இரவு பத்தேகாலுக்கு ஸ்வாதவா அழைத்தாள்:
"விரலில் ஒன்றுமே காணோம், சிவப்புகூட இல்லை,
மனுஷன் சுவரில் முட்டிக்கொள்கிறார்."
குழாயடியில் விரலை வை,
ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று சொல்லிவிட்டு
சைக்கிளை எடுத்தேன்.

பட்டறையில் விளக்குப் போடத் தோன்றவில்லை.
கைபேசி வெளிச்சத்தில் நான்காம் பகுதி, முதலுதவி.
"அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தும் தோன்றலாம்."

தோன்ற-லாம்.
அந்த 'லாம்' மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

கால்சியம் குளுக்கோனேட் களிம்பு
முதலுதவிப் பெட்டியின் அடியில் கிடந்தது,
யாரோ ஒளித்துவைத்த சிகரெட்டுக்கும் கீழே.
போன ஆகஸ்டோடு காலாவதி.
இருந்தும் எடுத்துக்கொண்டேன்.
தாளை ஆணியோடு பிடுங்கினேன்.

ஆம்புலன்ஸ் பையன் விரலைத்தான் முதலில் பார்த்தான்,
பெரிதாக ஒன்றுமில்லை என்பதுபோல.
பிறகு தாளைப் பார்த்தான்.
பிறகு ஓட்டுநரிடம் ஏதோ சொன்னான்,
வண்டி வேறு மாதிரி ஓடத் தொடங்கியது.

விரல் இருக்கிறது. நகம் இல்லை.
கிண்ணம் தூக்கும்போது அதை மட்டும்
தள்ளி நிறுத்திக்கொள்கிறான்.

மீதியை அப்புறம் படித்தேன்.
பதினாறாம் பகுதி: பிற தகவல்கள்.
சுருக்கெழுத்துகளின் விரிவு,
"எங்கள் அறிவுக்கு எட்டியவரை" என்றொரு கைகழுவல்,
அதன் கீழே நான்கு விரற்கடை வெற்றிடம்.
பென்சிலால் எழுதினேன்:

மாலை நாலு, வலி இல்லை.
இரவு பத்தேகால், வலி.
வலிக்காவிட்டாலும் கழுவு.
களிம்பு இரண்டாம் அலமாரியில். புதியது.

மார்ச்சில் நிறுவனம் திருத்திய பதிப்பை அனுப்பியது,
பழையதைக் கிழித்துவிடச் சொல்லி.
'லாம்' அப்படியே இருந்தது.
நான்கு விரற்கடையும்.
பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.
ராதோவான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து,
"நாலு இல்லை," என்றான், "நாலேகால்."