சைக்கிள் நிற்கும் இடம்

களவு போனதைக் கண்ட ஒரே சாட்சி
ஸ்காபரோவில் இருந்தார்.

இங்கே விடியப்புறம் மூன்று பத்து.
அங்கே முதல்நாள் பின்னேரம்.
தேத்தண்ணி குடித்தபடி
கைபேசியில் தன் கொக்குவில் வீட்டைப்
பார்த்துக்கொண்டிருந்த குலசிங்கம் அண்ணை
ஒருவன் எங்கள் சைக்கிளை உருட்டிப்போவதைக் கண்டாராம்.
"நேசன் வேலைக்குப் போறார் எண்டெல்லோ நினைச்சன்.
கேற்றைக்கூட வடிவாச் சாத்திப்போட்டுத்தான் போனவன்."

என் மனுசனுக்கு பேக்கரியில் வேலை.
மூன்று மணிக்குத்தான் இறங்குவார்.
அன்றைக்குக் காய்ச்சல்,
இரண்டு பனடோலோடு போர்த்துக்கொண்டு கிடந்தார்.
கள்ளனுக்கு அது தெரியாது.
தெரிந்தும் இருக்கலாம்.

முருங்கையோடு சேர்த்துத்தான் பூட்டியிருந்தோம்.
முருங்கைக் கொப்புக்கு வாளும் வேண்டாம்,
முழங்கை காணும்.
சங்கிலியும் ஆமைப்பூட்டும் சைக்கிளோடு போயின.
திறப்பு மட்டும் பத்திரமாக
எங்கள் ஆணியில் தொங்கியது.

பொலிசில் நிறம் சொன்னோம்.
பெல் அடிக்காது என்றோம்.
கரியர் இடுக்கில் மா படிந்திருக்கும்,
மழைக்கு அது பசையாகும் என்றுகூடச் சொன்னேன்.
"அதில்லை அக்கா, பிறேமிலை அடிச்ச நம்பர்?"
பதினொரு வருசம் ஏறி ஓடிய ஒன்றை
ஒருநாளும் கவிழ்த்துப் பார்க்கவில்லை நாங்கள்.
அந்த இடம் வெறுமையாகவே இருக்க
கீழே கையெழுத்து வைத்தார் நேசன்.

அடுத்தது ஓட்டுமடத்தில் வாங்கினது.
பழசு, ஆனால் ரயர் இரண்டும் புதுசு.
சீட்டுக் காசில் பாதி போய்விட்டது.
வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை
அதைத் தலைகீழாய் நிறுத்தி
ரோச் லைற் அடித்து நம்பரைப் பார்த்தது.
இப்போது நித்திரையில் கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் எங்கே விடுவது?

விறாந்தையில் மாபிள்.
ரயர் தடம் படக்கூடாது என்பது
வாடகைக்கு வந்த நாளே அண்ணை சொன்ன சட்டம்.
கிணற்றடியில் ஒரு கிழமை நின்றது,
மாரி மழை ஹாண்டிலில் கறள் பூத்துவிட்டுப் போனது.
குசினிக்குள் விட்டால்
பிறேக் கம்பி பால்மா ரின்னைக் கொழுவி இழுக்கும்.
பின்வளவு மதிவதனி மதிலுக்கு மேலால் சொன்னாள்:
"முன்சில்லைக் கழட்டி உள்ளுக்கு வையுங்கோ,
ஒரு சில்லோடை எவன் ஓடுவான்?"
நல்ல யோசனைதான்.
விடியப்புறம் இருட்டில் நட் ஒன்று உருண்டு
காணுக்குள் போகும்வரை.
புளித்த மா ஆருக்கும் காத்திராது.
அன்றைக்கு அரைநாள் சம்பளம் வெட்டு.

"சும்மா போர்ட்டிகோவிலை விடுங்கோ,
கமரா இருக்குத்தானே" என்றார் அண்ணை.
கமரா அன்றைக்கும் இருந்தது.

கடைசியில் படுக்கையறை.
கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே இரண்டடி.
நான் உடுப்பு மடிக்கிற இடம்.
ஹாண்டிலில் இப்போது அவருடைய சேட்டுகள்,
சீற்றில் என்னுடைய துவாய்.
பெடல் என் கணுக்காலை இரண்டுமுறை கிழித்துவிட்டது.
சண்டை பிடித்த இரவுகளில்
இருவரும் சைக்கிளைப் பார்த்துத்தான் பேசுவோம்.

இரண்டரைக்கு அவர் எழும்புவார்.
உருட்டினால் பின்சில்லு டிக்டிக் என்னும் என்று
முழுச் சைக்கிளையும் தூக்கி
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
கதவால் பக்கவாட்டில் போவார்.
நான் நித்திரை மாதிரியே கிடப்பேன்.
எழும்பினால் அடுத்தநாள் உருட்டத் தொடங்கிவிடுவார்.
திரும்பி வரும்போது மட்டும்
களைப்பில் உருட்டித்தான் வருவார்.

நேற்று அண்ணை எடுத்தார்.
"பின்னேரம் சைக்கிள் உள்ளுக்கு வருது.
பிறகு கமராவிலை காணேல்லை.
எங்கை விடுறியள்?"

வாசலிலிருந்து கட்டில்வரை
அவருடைய வெள்ளை மாபிளில்
கறுப்பாய் ஒரு கோடு.
ஈரத்துணியைப் போட்டுக்
காலால் தேய்த்துக்கொண்டே சொன்னேன்:
"பத்திரமா நிக்குது அண்ணை.
உங்கை குளிர் எப்பிடி?"