கடுக்காய் கொடுத்த தண்ணீர்

அறுபது மீட்டர் மல்.
கஞ்சி போக இரண்டு தரம் அவித்து
கடுக்காய்க் கரைசலில் இரவெல்லாம் ஊறப்போட்டிருந்தேன்.
காலையில் உறைந்த நெய்யின் நிறம் இருக்கும்,
அதன்மேல் படிகாரம், அதன்மேல் மஞ்சிட்டி வேர்,
அப்புறம்தான் சிவப்பு
அண்டாவை விட்டு எழுந்து வரும்.

எழுந்து வந்தது
ஈயச் சாம்பல்.

"இன்னாக்கா, எழவு வூட்டுத் துணி கணக்கா கீது"
என்றாள் சம்பூரணம், கழியால் தூக்கிப் பார்த்து.
அண்டா அதேதான். கடுக்காயும்
ஜவ்வாது மலையிலிருந்து வந்த பழைய மூட்டைதான்.
பங்குனி பிறந்ததும் எங்கள் போர் காற்றை இறைத்தது;
நூருல்லாவின் லாரி வந்தது.
மாறியது அவ்வளவே.

ஒருவனை ஏமாற்றினால்
கடுக்காய் கொடுத்தான் என்கிறது ஊர்.
எந்தப் புண்ணியவான் ஆரம்பித்ததோ.
இருபத்திரண்டு வருஷமாய்த் துணிக்குக் கொடுக்கிறேன்,
அதைப்போல் ஓட்டைவாய் வேறெதற்கும் கிடையாது.
ஒரு துரு ஆணி தொட்டியில் விழட்டும்,
கஜம் கஜமாய்ச் சொல்லிவிடும்.

பெங்களூர்க் கடையம்மாள் போனில்:
போன மாசச் சிவப்பே வேணும், இழை பிசகக்கூடாது.
வேர் தருவது பாதிதாம்மா,
மீதியைத் தண்ணி தரணும் என்றேன்.
கவிதை மாதிரிப் பேசறீங்க என்று சிரித்தார்.
நான் பேசியது லாரிக் கணக்கு.

"எந்தக் கெணறுப்பா?"
"நல்ல தண்ணிக்கா. அணைக்கட்டு ரோட்டுல எடுக்கறது."
டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னான்.
இதே லாரிதான் பக்கத்து விடுதிக்கும்.
ஷூ கம்பெனிப் பெண்கள் நாற்பது பேர்
அதில்தான் உலை வைக்கிறார்கள்.

சாம்பலில் ஒரு முழம் கிழித்து
காம்பவுண்டு முள்கம்பியில் கட்டினேன்.
ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

மறுநாள் ஷிப்டு முடிந்து வந்த ஒருத்தி
தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.
பிறகு பேக்கரிக்காரர்.
பிறகு மேலத் தெரு டீச்சர்,
தன் வீட்டு ஆர்.ஓ. ஜெயிக்கும் என்று நம்பி.
விரல் அகலத் துண்டுகளைக் கடுக்காயில் தோய்த்து
பாட்டிலுக்கு ஒன்றாய் இறக்கினேன்.

கம்பியில் காய்ந்தது வாலாஜாபேட்டை:
பழுத்த வெள்ளரி, நாவல் கொட்டை, புறாக் கழுத்து.
ஒரு துண்டு கறுப்பேதான்.
டீச்சருடையது நெய்.
தெருமுனை திரும்பும்வரை அவர் சிரிப்பு தெரிந்தது.

குடிக்கலாமா என்றவர்களிடம்
தெரியாது என்றேன்.
இரும்பு வந்திருக்கிறது, அதுவரைக்கும் துணி சொல்லும்.
இரும்போடு கூட
யார் யார் வந்தார்கள் என்று
துணிக்குத் தெரியாது.

சாம்பல் அறுபதையும் அவுரித் தொட்டியில் முக்கி
கருநீலம் என்று பாதி விலைக்குத் தள்ளினேன்.
சிவப்புக்குச் சோளிங்கர் பக்கம் ஒரு கிணறு கிடைத்தது;
டெம்போ வாடகை என் கையிலிருந்து.
முள்கம்பித் துணியை அவிழ்க்க மறந்துவிட்டேன்.

நேற்று இரவு பத்தரை இருக்கும்.
கேட்டுக்கு வெளியே லாரி, விளக்கணைத்து.
நூருல்லாவின் கையில் ஒரு ஜூஸ் பாட்டில்,
மூடியைத் திறந்து மூடித் திறந்து
"எங்க வூட்டுக் கொழா தண்ணிக்கா.
சின்னவனுக்கு ஒரு மாசமா வயிறு சரியில்ல."

துண்டை இறக்கினேன்.
இரண்டு பேரும் குனிந்தோம்.
தெருவிளக்கு மஞ்சள்;
அதன் கீழே எல்லாத் துணியும் ஒரே துணி.
"விடிஞ்சாத்தான் நிறம் தெரியும். வூட்டுக்குப் போப்பா."

அவன் போகவில்லை.
வண்டியில் ஏறி
ஸ்டியரிங் மேல் தலை சாய்த்துக்கொண்டான்.
டேங்கரின் வால் குழாயிலிருந்து
மிச்சத் தண்ணீர் என் வாசலில் சொட்டிக்கொண்டிருந்தது,
பார்வைக்கு
ஒரு நிறமும் இல்லாமல்.