கட்டுக்கம்பி

கிளட்ச் மிதி தரையோடு ஒட்டிப் படுத்துவிட்டது.
காலை எடுத்தாலும் எழவில்லை.
"நீங்கதான் வெட்டி விட்டிருக்கீங்க மேடம்" என்றான் ரங்கதுரை,
நாலு தவணை பாக்கிக்கு என் சுமோவை எடுத்துப்போக
காரமடையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவன்.
கையில் பிளாஸ்டிக் உறையிட்ட தாள். காலில் புது ஷூ.

அரவேணு பஸ் நிறுத்தத்துக்கு மேலே, லயத்துக்குப் பின்னால்,
ஈரச் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்தேன்.
டார்ச் அடித்ததும் தெரிந்துவிட்டது.
தை மாதம் கிளிப் உடைந்து விழுந்தபோது
குழாய் ஆடக்கூடாதென்று நானே சுற்றிய கட்டுக்கம்பி
வளைவுக்கு வளைவு உரசி
அதை அறுத்திருக்கிறது.
ஆமாம், நான்தான் வெட்டினேன் என்றேன்.
எழுதிக்கொண்டான்.

கட்டி இழுத்துப்போக ஆறாயிரம்,
அதுவும் உங்க கணக்கில்தான் ஏறும் என்றான்.
கொழுந்தெடுக்கப் போகிற பதினோரு பேரை
பன்னிரண்டு நாள் ஏற்றி இறக்கினால் ஆறாயிரம்.
இரு, சரிசெய்து தருகிறேன் என்றேன்.

ஜக்கரியா கடையில் ஒரு முழம் இரும்புக் குழாய்,
ஒரு குப்பி பிரேக் ஆயில்.
முனையை மலர்த்தும் கருவி இரவல்,
சாயங்காலம் திருப்பித் தரணும்.
முனை அழகாக விரிந்தது.
பிறகுதான் பார்த்தேன்:
நட்டு என்னைப் பார்த்துக்கொண்டு
டூல் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தது.
முதலில் நட்டைக் கோக்கணும், அப்புறம்தான் மலர்த்தணும்.
தெரியாததல்ல.
அறுத்து எறிந்துவிட்டு மறுபடி.
ரங்கதுரை சிரிக்கவில்லை.
அதற்காக அவனைக் கொஞ்சம் பிடித்தது.

புது ஆயில், சாயம் இறங்காத தேத்தண்ணி நிறம்.
திறந்து வைக்காதே, இது பனியைக் குடிக்கும் என்றேன்.
குப்பியை நெஞ்சோடு அணைத்து
வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

காற்றெடுக்க ஓராள் போதாது.
வீட்டுக்குள் நுழைகிறவன் மாதிரி
ஷூவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு ஏறினான்.

மிதி.
பிடி.
விட்டுராதே, நிப்பிளைத் திறக்கிறேன்.
தண்ணீர் பாட்டிலுக்குள் விட்ட டியூபில்
உலை கொதிப்பது போலக் குமிழி.
மூடியாச்சு, இப்ப விடு.
மிதி.
பிடி.
காலுறை நனைஞ்சு போச்சு மேடம்.
பிடி!
என் கண்ணில் ஒரு சொட்டு விழுந்தது, எரிந்தது.
விடு.

முப்பதாவதோ நாற்பதாவதோ தடவை
மேலேயிருந்து கத்தினான்:
"அக்கா, காலைத் தள்ளுது!"

எழுந்து வந்து நானும் மிதித்தேன்.
திரும்ப அவன். திரும்ப நான்.
பாதி வழியிலேயே கெட்டியாக நின்றது.
தேயிலைப் பக்கம் பார்த்து இரண்டு பேரும்
எதற்கென்றே தெரியாமல் சிரித்தோம்.

அப்புறம் அந்தத் தாள்.
ஸ்டெப்னி ஒன்று. ஜாக்கி ஒன்று. மிதியடி நாலு.
முருகன் படத்தை நீங்களே வச்சுக்கலாம்.
கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்தேன்.
மூடுபனி பானெட் வரை வந்திருந்தது.
சாவியையே பார்த்துக்கொண்டிருந்தவன்
மலையில ஓட்டினதில்லை என்றான்.

ஓட்டினேன்.
ஆனி மாதம், குஞ்சப்பனையில் பலா பழுத்திருக்கும்,
யானை நிற்கலாமென்று
ஹாரன் அடிக்காமல், இரண்டாம் கியரில்.
அவ்வளவு மெத்தென்று அந்தக் கிளட்ச்
என் காலத்தில் ஒருநாளும் இறங்கியதில்லை.

மேட்டுப்பாளையம் யார்டில் எண்பது வண்டிகளுக்கு நடுவே
நிறுத்தி, கைபிரேக் இழுத்து,
பானெட்டைத் தூக்கி ஆயில் அளவை
இன்னொரு தடவை பார்த்தேன்.
ரங்கதுரை பஸ்ஸுக்கென்று ஐம்பது ரூபாய் நீட்டினான்.
வாங்கிக்கொண்டேன்.

கோத்தகிரி பஸ்ஸில் உட்கார இடமில்லை.
கம்பியைப் பிடித்து நின்றேன்.
டிரைவர் கியர் மாற்றிய ஒவ்வொரு வளைவிலும்
என் இடது கால்
தகரத் தரையை மிதித்தது,
பிடித்தது,
விட்டது.