வாயில்லாத உறை

வியாழன் இரவு, ஜெலுத்தோங் அடுக்குமாடியின் கீழ்த்தளம்.
ஐந்து பேருக்கு இரண்டு தையல் மெஷின்.
முதல் பாடம் தலையணை உறை.
"நேர்க்கோடு போதும், பயப்படாதீங்க"
என்றாள் கோகிலவாணி.

பயப்படவில்லை. அதுதான் தப்பு.
மிதியை அழுத்தினேன்;
பாலத்தில் ஏறிய மோட்டார்சைக்கிள் மாதிரி
பாய்ந்தது ஊசி.
நின்று பார்த்தால்
நான்கு பக்கமும் தைத்து முடித்திருக்கிறேன்.

"தலையணை எந்த வழியா உள்ள போகும்?"
ரொஹாயா மலாயில் கேட்டுவிட்டு
மேசையில் தலை கவிழ்த்துச் சிரித்தாள்.

பகலில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
பூதக்கண்ணாடிக்குக் கீழே
மயிரளவு விரிசலைக் கண்டுபிடிக்க
எனக்குச் சம்பளம்.
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவேன்.
ஒதுக்கியது எங்கே போகும்,
பன்னிரண்டு வருஷமாய்க் கேட்டதில்லை.

இங்கே கையில் ஒரு தையல்பிரிப்பான் தந்தார்கள்.
மீன்முள் அளவு,
ஒரு முனையில் சின்னச் சிவப்பு மணி.
ஒவ்வொரு தையலாக அறுத்தேன்.
மடியெல்லாம் நூல் துணுக்கு,
துணியில்
எறும்பு வரிசை போல் துளைகள்.

மறுபடி தைத்ததும் கோணல்தான்.
ஆனால் தலையணை நுழைந்தது.

பத்து மணி பஸ்ஸில்
உறையை மடியில் விரித்து
கோணலை விரலால் தடவிக்கொண்டே போனேன்.
ஸ்டிக்கர் கட்டு
லாக்கரில் இருந்தது.