இரு பக்கமும்

ஒரு பக்கத்துக்கு இருபது தெத்ரி.
இரு பக்கமும் என்றால் முப்பது.
பத்தூமியில் மழை விட்ட நாளை
கல்லாப்பெட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்:
அன்று நோட்டுகள் ஈரமாக இருக்காது.

எதிர்மாடியில் கப்பலுக்கு ஆள் எடுக்கிறார்கள்.
அந்தப் படியேறும் எவரும் முதலில்
என் ஜெராக்ஸ் கண்ணாடியில்
தங்கள் முகத்தைக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

தீயணைக்கத் தெரியும்,
உயிர்ப்படகு இறக்கத் தெரியும்,
எண்ணெய்க் கப்பலின் வயிற்றுக்குள்
மூச்சுவிடத் தெரியும் என்று
தாள் தாளாய்ச் சொல்கிறார்கள்.
தாளுக்கு ஐந்து வருடம் ஆயுள்.
அது முடிந்ததும் அதே நீச்சல் குளத்தில்
ஆரஞ்சு உடுப்போடு மறுபடி குதித்து
உயிரோடிருக்கத் தெரியும் என்று நிரூபித்துவிட்டு
நேரே இங்கே வருகிறார்கள்,
காதோரம் குளோரின் வாடையோடு.

நுக்சாரை இருபத்திரண்டு வயதிலும் நகலெடுத்தேன்,
இருபத்தேழிலும், முப்பத்திரண்டிலும்.
வழுக்கை விழுவதை அவன் மனைவிக்கு முன்பே
என் இயந்திரம் கண்டுபிடித்தது.

கோச்சா அப்படியில்லை.
மூன்றாம் அதிகாரி என்ற தேர்ச்சிச் சான்றிதழ்
மடிப்புக் கலையாமல் கையில்.
மேலே போனான். கொஞ்ச நேரத்தில் இறங்கினான்.
"கப்பலேறினால்தான் அனுபவம்.
அனுபவம் இருந்தால்தான் கப்பலாம்."
கடற்சேவைப் புத்தகத்தை விரித்து
மாதக் கணக்கில் ஒரு 4-ஐ விரலால் தொட்டான்.
அதற்கு முன்னால்
ஒரு 1 நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது.
"உங்களிடம் நல்ல பேனா இருக்குமே, மக்வாலா."

இருந்தது.
மூடியைச் சாத்தி, உள்ளது உள்ளபடி எடுத்து,
முப்பது தெத்ரி வாங்கிக்கொண்டேன்.
அவன் போகும்வரை
சில்லறை தேடுகிறவள்போல் குனிந்தே இருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒப்பந்தத்தோடு வந்தான்.
படிக்கக் கூடாதுதான், படித்தேன்:
சிமெண்ட் கப்பல். கடைநிலை மாலுமி. ஒன்பது மாதம்.
அதிகாரி என்ற சொல் எங்கும் இல்லை.
எல்லாத் தாளிலும் ஒவ்வொரு நகல் எடுத்தான்.
"இரு பக்கமுமா?" என்றேன்.
"இருக்கிற பக்கமெல்லாம்."

சாயந்திரம் மூடியைத் திறந்தால்
கண்ணாடிமேல் குப்புறக் கிடக்கிறது
உயிர்ப்படகுச் சான்றிதழ். அசல்.

போனில் பிடித்தபோது
இஸ்தான்புல் விமான நிலையத்தில் இருந்தான்.
பின்னால் யாரோ எந்த ஊருக்கோ அறிவிப்புச் செய்கிறார்கள்.
"இந்தக் கப்பலுக்கு நகலே போதுமாம்" என்றான்.
"அசலைவிட உங்கள் நகலில்தான்
முத்திரை கறுப்பாக விழுந்திருக்கிறது."
பாராட்டுகிறானா என்று புரியவில்லை.

இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.
இதை வைத்திருப்பவர்
ஆட்களோடு படகைக் கடலில் இறக்கத் தகுதி உடையவர்
என்கிறது.
நாற்பது வருடமாய்க் கருங்கடலுக்கு எதிரே இருக்கிறேன்,
முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை.

மேற்கிலிருந்து காற்று பலமாக அடிக்கும் இரவுகளில்
எழுந்து போய்
அந்தத் தாளின்மேல் ஸ்டேப்ளரைத் தூக்கி வைக்கிறேன்,
பறந்துவிடாமல் இருக்க.
ஜன்னல் சாத்தித்தான் இருக்கிறது.
இழுப்பறையும்.