இரண்டு அன்னங்கள்

கெமி துறைமுகம். பிப்ரவரி, அதிகாலை நான்கு.
மின்சாரம் போய்த் திரும்பியதில்
பனி அளவு பதியும் கணினி
தானாகவே எழுந்துகொண்டது.

உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க்.
ஒன்றை அப்படியே மற்றதில் நகலெடுத்துவிட்டு
ஊர் மாறிப் போனவன் தெயுவோ.
பெயர், அடையாளம், கடவுச்சொல் எல்லாம் ஒன்றே.

எதிலிருந்து எழுந்தாய்? கேட்டாள் ராய்லி.
முதல் டிஸ்க் என்றது திரை.
முதலாவது என்பது
யார் முந்திக் கைதூக்கினார்களோ அவர்கள்தான்;
நேற்றைய முதல் இன்றைக்கு இரண்டு.

கையுறை கழற்றித் தொட்டாள்.
இரண்டிலும் ஒரே சூடு.

பதிவேட்டைத் திறந்தாள். கடைசி வரி, நவம்பர் மூன்று:
திறந்த நீர். காற்று இல்லை. இரண்டு அன்னங்கள்.

தெயுவோதான்.
அன்னத்தையெல்லாம் வேறு யார் எண்ணுவார்கள்?

சன்னலுக்கு வெளியே
எண்பது சென்டிமீட்டர் தடிமனில் கடல்.
ஐந்து மணிக் கப்பலிடம்
வழி திறந்திருக்கிறது என்று
சத்தியம் பண்ணியிருக்கும் இந்தப் பெட்டி,
பொய் என்றே தெரியாமல்.

திரை காட்டிய வரிசை எண்ணை
டிஸ்கின் முதுகில் ஒட்டிய காகிதத்தோடு
இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டாள்.
அணைத்தாள்.
கேபிளைப் பிடுங்கினாள்.

எண்ணெல்லாம் பிறகுதான்.
பாலையும் நீரையும் முதலில் பிரித்தவை
அந்த இரண்டு.