மூன்று வேளை

நெபாஹ் மலையில் சோளம் முற்றும் மாதம்.
பள்ளிக்கூடத் தரையில் அளவுப் பலகையை விரித்து
எலூவியாவின் மகளைக் கிடத்தினோம்.
ஹசிந்தா. இருபத்திரண்டு மாதம்.
எழுபத்து மூன்று சென்டிமீட்டர்.
அழவில்லை. சமர்த்து என்று மெச்சினார்கள்.
அழவும் தெம்பு வேண்டும்.

தலைநகரத்து நர்ஸ் ஸ்பானிஷில் கேட்டாள்:
ஒரு நாளைக்கு எத்தனை வேளை?
நான் இஷில் மொழியில் கேட்டேன்.
எலூவியா தன் செருப்பைப் பார்த்து
மூன்று என்றாள்.
நானும் மூன்று என்றேன்.
ஒரு வாயின் சொல்லை இன்னொரு காதில் வைப்பது,
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

சொல்லாமல் விட்டது:
அவள் கோழி இடும் முட்டையை
வியாழச் சந்தையில் வாங்குவது நான்தான்.
ஒன்று ஒன்றரை கெட்சால்.
அந்தக் காசு விறகாகும், ஒரு பொட்டலம் வறுவலாகும்,
கரும்பு வெட்டக் கடற்கரைக்கு இறங்கிய புருஷனோடு
நாலு நிமிஷப் பேச்சாகும்.
பிள்ளைக்குப் புட்டியில் சர்க்கரை போட்ட காப்பித் தண்ணீர்.
வயிறு நிறையும், பொய்யில்லை.
உடம்பில் ஒட்டாது.

மழைக்காலக் குழாயில் செம்மண் வரும்.
மாதம் தவறாமல் வயிற்றுப்போக்கு.
கோரை உதிர்ந்த பாய்போலக் குடல்;
எதைக் கொட்டினாலும் நழுவி ஓடுகிறது.

போன பனியில் மூத்தவன் போனான்.
அதிலிருந்து ஊட்டும்போது எலூவியா
வாயை மட்டும் பார்க்கிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை.
கரண்டி வரும், போகும்.
பிள்ளையும் முதலில் வாயைத் திறக்கப் பழகியது,
பிறகு
மூடப் பழகியது.
இதை நான் எந்த மொழிக்கு மாற்றுவேன்?

பலகையை மடிக்கும்போது
எலூவியா அன்று முதல்முறை தானாகப் பேசினாள்:
"என்னையும் அளக்கச் சொல்."
செருப்பைக் கழற்றி, குதிகாலைச் சுவரோடு ஒட்டி,
மூச்சை இழுத்துப் பிடித்து நின்றாள்.
நூற்று நாற்பத்தொன்று.

எங்கள் ஊர் நிலைப்படிகள் எல்லாம்
அந்த உயரத்துக்கு வைத்தவை.
காலையில் நர்ஸ் மட்டும் நெற்றியை இடித்துக்கொண்டாள்.
நாங்கள் யாரும் குனிந்ததே இல்லை,
அதனால் எங்களுக்குத் தெரியவுமில்லை.

நர்ஸ் என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை.

வியாழன் அன்று
எலூவியா கூடையோடு என் முன்னால் நின்றாள்.
ஏழு முட்டை.
இன்றைக்கு வேண்டாம், கொண்டுபோய்ப் பிள்ளைக்குக் கொடு என்றேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நாலு கடை தள்ளி
யாரோ ஒன்றேகால் வீதம்
வாங்கிக்கொண்டார்கள்.